வண்டியின் மின்படம் யாருக்குச் சொந்தம்?

மரக்காணம் உப்பளத்தைப் புரட்டாசி மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்பே ஆணும் பெண்ணும் பாத்தியில் இறங்கியிருப்பார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், வெயிலில் நின்று வாரிச் சேர்த்த உப்பு கண்ணெதிரே கரைந்து ஓடும். அதற்கு முன்னால் ஏற்றக் கூடியதையெல்லாம் ஏற்றி அனுப்பியாக வேண்டும். ஒரு காலத்தில் இந்த உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயிற்று. இன்று லாரியும் டிராக்டரும் சிறு சரக்கு வண்டியும் சுமக்கின்றன. வண்டி நின்றால் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குக் கூலி நின்றது என்று அர்த்தம்.

அப்படி ஒரு புரட்டாசி மாலையில் ஒரு வண்டி நின்றது. அந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டிக்காரன் உப்பளத் தொழிலாளி வீட்டுப் பையன். தாயும் தகப்பனும் பாத்தியிலேயே காலம் கழித்தவர்கள். தாயின் கம்மலை விற்று முன்பணம் கட்டி, பாக்கிக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன்பட்டு, ஒரு சிறு சரக்கு வண்டியை எடுத்தான். மாதம் பிறந்தால் தவணை. அன்று சாயங்காலம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினான். ‘டக், டக்’ என்று சத்தம் வந்தது. செல்ஃப் அடிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பினார்கள்.

மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். “தம்பி, பேட்டரி போயிடுச்சு” என்றார். புதுப் பேட்டரி போட்டான். பத்து நாள் ஓடிற்று. மறுபடியும் டக், டக். “செல்ஃப் மோட்டார் போயிடுச்சு.” அதையும் மாற்றினான். பிறகு ராத்திரி ஓட்டத்தில் ஹெட்லைட் மங்கத் தொடங்கிற்று. “டைனமோ சார்ஜ் ஏத்தல.” அதையும் மாற்றினான். மூன்று மாதத் தவணைப் பணம் கரைந்தது. வட்டிக்காரனிடம் கை நீட்டினான். வண்டி அப்போதும் தள்ளினால்தான் கிளம்பிற்று!

பட்டறைக்காரரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. அவரும் எண்ணெய்க் கையோடு உழைத்துச் சாப்பிடுகிறவர்தான். சந்தேகப்பட்ட சாமானைக் கழற்று, புதிதை மாட்டு, ஓடுகிறதா பார் — அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவு. அதற்கு மேல் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வைத்தியம் பலிக்காவிட்டால் நஷ்டம் நோயாளிக்கு.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் குடியிருக்கிறார். புதுச்சேரியில் மூடப்பட்டுவிட்ட பஞ்சாலை ஒன்றில் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சங்கத்தில் சந்தா கட்டி, வேலை நிறுத்தங்களில் நின்றவர். பையன் அவரிடம் போனான். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. “படம் இருக்கா?” என்று கேட்டார்.

“என்ன படம், பெரியப்பா?”

“வயரிங் படம்.”

பையன் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. வண்டி வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் சீட்டில் எப்படி உட்கார வேண்டும், டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும், எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. மின்கம்பிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பது மட்டும் இல்லை. நாலு நாள் அலைந்து, வேறொரு ஊர்ப் பட்டறையில் இருந்த சிநேகிதன் போனிலிருந்து ஒரு படம் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் நாலு தாளில் அச்செடுத்து ஒட்டினார்கள். திண்ணையில் விரித்தார்கள்.

பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “செல்ஃபுக்கும் கரண்ட் சரியா இல்ல, டைனமோவும் சார்ஜ் ஏத்தல. ரெண்டுக்கும் பொதுவான வழி எது? விரலை வச்சுக் காட்டு.”

பையன் விரலை வைத்தான். செல்ஃப் மோட்டாருக்குப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனியாக ஒரு தடிக் கம்பி போகிறது. டைனமோவிலிருந்து வேறொரு கம்பி வருகிறது. போகிற வழி வேறு வேறு. திரும்பி வருகிற வழி? இரண்டும் எஞ்சினின் இரும்போடு பொருந்தி நிற்கின்றன. எஞ்சினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டை. சேஸிஸிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒரு கம்பி. அந்தப் பட்டைதான் இரண்டுக்கும் ஒரே பாலம்!

வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார்கள். பின்னல் செம்புப் பட்டை பச்சையாகக் களிம்பேறிப் பொடிந்து, இரண்டொரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பட்டையின் விலை, ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வேளை டீயும் வடையும் வாங்கிக் கொடுக்கிற செலவுதான். போல்ட் உட்காருகிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து — உப்பு தின்றதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! — இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார்கள். சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது.

கழற்றிப் போட்ட பேட்டரியும் செல்ஃபும் டைனமோவும் நல்ல சாமான்கள்தான். அவை பழைய விலைக்குப் போயின.

படம் சொல்லும் பாஷை

இதை வித்தை என்று நினைக்க வேண்டாம். உப்பளத் தொழிலாளிக்கு இந்தப் படம் புரியாது என்று சொல்கிறவன், உப்பளத்தில் நடக்கிற வேலையை அறியாதவன். உவர்நீர் எங்கே ஏறுகிறது, எந்த வாய்க்காலில் ஓடுகிறது, எந்த மடையைத் திறந்தால் எந்தப் பாத்தி நிறையும் என்பதை எழுத்தே தெரியாத தாய்மார்கள் மனதிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். மின்படமும் அத்தகைய வாய்க்கால் கணக்குத்தான். பேட்டரி தேக்கம். கம்பி வாய்க்கால். சுவிட்ச் மடை. ஃப்யூஸ் என்பது, வெள்ளம் மிஞ்சினால் மற்ற வரப்பைக் காப்பாற்றத் தானே உடைந்துகொள்ளும்படி பலவீனமாகக் கட்டிய வரப்பு.

ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை உதவாது. பாத்தியில் ஏறிய தண்ணீர் ஆவியாகிவிடும். திரும்பி வர வேண்டியதில்லை. மின்சாரம் அப்படியல்ல. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டது விளக்கிலோ மோட்டாரிலோ வேலை செய்துவிட்டு மைனஸுக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழியும் ஓடாது. வண்டியில் திரும்புவதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே கம்பி. அதைத்தான் எர்த் என்கிறோம். படத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் மூன்று கோடுகள் இருக்கும். அதுதான் எர்த்தின் அடையாளம். நம்முடைய ஆட்கள் போகும் கம்பியைப் பத்துத் தரம் தேடுவார்கள். அந்த மூன்று கோட்டைக் கவனிக்கமாட்டார்கள். கடற்கரையில் நோய் பாதி அங்கேதான் இருக்கிறது.

மற்ற அடையாளங்கள் இன்னும் எளிது. வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால் விளக்கு. நெட்டைக் கோடும் குட்டைக் கோடும் மாறி மாறி நின்றால் பேட்டரி. நெட்டை பிளஸ், குட்டை மைனஸ். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் புள்ளி இருந்தால் கம்பிகள் இணைந்திருக்கின்றன. புள்ளி இல்லாவிட்டால் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. கோட்டின் மேல் ஓர் எண்ணும் ஆங்கில எழுத்துக்களும் இருக்கும். எண் கம்பியின் கனம்: 1.5 என்றால் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு. எழுத்து கம்பியின் நிறம்; இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது உடம்பின் நிறம், இரண்டாவது மேலே ஓடும் கோட்டின் நிறம்.

ஒன்று மறக்கக் கூடாது. படம் வண்டியின் போட்டோ அல்ல. படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வண்டியில் பத்தடி தள்ளி இருக்கலாம். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் படம் சொல்லும். எங்கே இருக்கிறது என்பதை வண்டிக்கடியில் படுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பல படங்களில் முனைகளுக்கு எண் போட்டிருப்பார்கள். இவை ஜெர்மனியின் தர எண்கள். உலகம் முழுவதும் பரவிவிட்டன. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கம்பி. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் உயிர் இருக்கும். 15 என்றால் சாவி திறந்தால் மட்டும் உயிர் வரும். 50 செல்ஃபை அடிக்கச் சொல்லும் கம்பி. 31 எர்த். இந்த நாலு எண்ணை ஒருவன் மனப்பாடம் செய்துவிட்டால், அந்தப் பிசாசுப் படத்தில் பாதி மனுஷ பாஷையாகிவிடும்.

ரிலே என்ற சின்னப் பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மில் தொழிலாளிக்கு நான் இப்படிச் சொல்வேன்: சின்னக் கரண்ட் அதிகாரம் செய்யும், பெரிய கரண்ட் வேலை செய்யும். மேஸ்திரியும் தொழிலாளியும் போலத்தான்! 85, 86 என்ற இரண்டு முனைகள் மேஸ்திரியுடையவை. உள்ளே சிறிய காந்தச் சுருள். 30-ல் வந்து 87-ல் வெளியே போவது வேலைக்காரக் கரண்ட். சுவிட்சைப் போட்டதும் ரிலே ‘டிக்’ என்றால் மேஸ்திரி பக்கம் சரி. 30, 87 பக்கம் பார். டிக் சத்தமே இல்லையென்றால் முதலில் 85, 86 பக்கம் பார். இந்த ஒரு பாடத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன!

நிறம் விஷயத்தில் மட்டும் மிக ஜாக்கிரதை வேண்டும். பழைய இங்கிலீஷ் லூகாஸ் முறையில் பழுப்பு நிறக் கம்பி என்றால் ஃப்யூஸ்கூட இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரே வரும் உயிர்க் கம்பி, கறுப்புதான் எர்த். ஜெர்மன் முறையில் பழுப்புதான் எர்த்! ஒரு வண்டியில் கற்றதை இன்னொரு வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் தீப்பொறி பறக்கும். ஆகையால் நிறத்தை நம்பாதே, அந்தந்த வண்டியின் படத்தைப் பார் என்கிறார் பெரியவர். படம் இல்லாதவன் என்ன செய்வான்? அங்கேதான் விஷயம் இருக்கிறது; அதற்கு வருகிறேன்.

உப்பு எப்படித் தின்கிறது?

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 200 ஆம்பியர்கூட இழுக்கும். எர்த் பட்டையின் இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டால் போதும். 200-ஐ 0.01 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2 வோல்ட். 12 வோல்ட்டில் 2 வோல்ட் அந்த அழுக்கிலேயே செத்துவிடுகிறது. இப்படி இன்னும் இரண்டு இடம் சேர்ந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது ஆறோ ஏழோதான். காந்தம் இழுக்கும், வோல்ட்டேஜ் விழும், காந்தம் விட்டுவிடும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்த ‘டக், டக்’.

மீட்டரை வைத்து ஓம் பார்த்தேன், சரியாகத்தானே காட்டிற்று என்று சில பையன்கள் சொல்கிறார்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறு கரண்ட். அதற்கு இரண்டு இழை போதும். ஒற்றையடிப் பாதையில் ஒரு மனிதன் போய்விடலாம். உப்பு லாரி போகுமா? ஆகையால் வேலை நடக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கொண்டையிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அந்த வழியில்தான் ஒளிந்திருக்கிறான். ஒரு சாமானையும் கழற்றாமல், ஒரு காசு செலவில்லாமல் செய்கிற சோதனை இது.

கடற்கரையில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? செம்புப் பட்டையை, துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டில் முடுக்கியிருக்கிறார்கள். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்பு நீர் — இது தானே ஒரு பேட்டரி! துத்தநாகம் முதலில் கரையும், பிறகு இரும்பு துருவேறும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 30-ஆம் எண் கம்பியில் இருபத்துநாலு மணி நேரமும் உயிர் இருக்கிறதல்லவா? அது போகும் கப்ளரில் உப்பு ஈரம் புகுந்தால், வண்டி நிற்கும்போதுகூட மெல்லிய கரண்ட் கசிந்து பிளஸ் முனையின் செம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். நாம் பாயில் படுத்துத் தூங்கும்போது வண்டி தேய்ந்துகொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கும். உள்ளே பச்சைப் பொடி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. தண்ணீரில் நின்ற வண்டிகளை வெயிலில் காய வைத்துவிட்டு, ஓடுகிறதே என்று திருப்திப்பட்டவர்கள் உண்டு. தண்ணீர்தான் காயும். உப்பு எங்கே போகும்? நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கப்ளரைத் திறந்து உலர்த்தி, முனைகளைச் சுத்தம் செய்திருக்க வேண்டும்.

இடையில் எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. எதைத் தொடுவதற்கு முன்னும் பேட்டரியின் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைத்தான் கடைசியில் மாட்ட வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறவன், வண்டிக்குத் தானே தீ வைக்கிறான். கணினிப் பெட்டிக்குப் போகும் மெல்லிய கம்பிகளில் டெஸ்ட் லைட்டைக் குத்தக் கூடாது; மீட்டர் மட்டும்தான். பெரியவர் இதைச் சொல்லும்போது யாராவது சிரித்தால் வகுப்பை நிறுத்திவிடுவார்.

யார் பூட்டி வைத்தார்கள்?

இனி, படம் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு வருவோம்.

1948-ல் எண்ணூரில் தொடங்கிய தொழிற்சாலை இன்று அசோக் லேலண்ட் என்ற பெயரில் லாரி செய்கிறது. 1961-ல் உருவான லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி, சென்னை பாடியில் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். சுருள் சுற்றுவதும், முனை வைப்பதும், கம்பிக் கட்டை வண்டிக்குள் இழுத்துப் பொருத்துவதும் தமிழ்த் தொழிலாளியின் கை. ஆனால் அவன் கட்டிய வண்டியின் படம் அவன் தம்பிக்குத் தெரியாத பாஷையில், அவன் தம்பி நுழைய முடியாத கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. இது என்ன நியாயம்?

“தெரியாதவன் கை வைத்தால் ஆபத்து” என்கிறார்கள் முதலாளிகள். தெரியாதவன் கை வைத்தால் ஆபத்துத்தான்; ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் தெரியச் செய்ய வேண்டாமா? கற்றுக்கொடுக்க மறுத்துவிட்டு, கல்லாதவன் என்று ஒதுக்குவது இந்த நாட்டில் ஆயிரம் வருஷப் பழைய தந்திரம். நம்முடைய பாட்டன் பூட்டன்கள் அதை வேறு உருவத்தில் அனுபவித்தார்கள்.

இது நம்முடைய கற்பனைப் புகார் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள்மேல் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? அசல் உதிரிச் சாமான்களையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி அடைத்து வைத்து, தங்கள் சொந்தச் சர்வீஸ் வலைக்குள்ளேயே வாடிக்கையாளரைப் பிடித்து வைத்தார்கள் என்பது. அரசாங்கத்தின் ஆணையமே சொல்லிற்று! கம்பெனிகள் மேல்முறையீடுகளுக்கும் கோர்ட்டுகளுக்கும் போயின. கார்காரனுக்கே இந்தக் கதி என்றால், தவணையில் சரக்கு வண்டி எடுத்த உப்பளத்துப் பையனுக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் கம்பெனி தானாக மனமுவந்து போடுவதைப் போடட்டும் என்று விட்டால், டயருக்குக் காற்று அடிக்கும் அளவைத்தான் போடுவான். கட்டாயம் வேண்டும், கட்டாயத்துக்குப் பின்னால் அமைப்பாகத் திரண்ட ஜனங்கள் வேண்டும்.

அமெரிக்காவைப் பாருங்கள். முதலாளித்துவத்தின் தலைநகரம்! அங்கே பல நூறு ஏக்கர் வைத்திருக்கிற விவசாயிகளே, சொந்தப் பணத்தில் வாங்கிய டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க முடியாமல் கூப்பாடு போட்டார்கள். ஜான் டீர் கம்பெனி 2023 ஜனவரியில் விவசாயிகள் கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அது போதவில்லை. 2025 ஜனவரியில் அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனிமேல் வழக்குத் தொடுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லும் 2020-லும் வண்டிப் பழுது விவரங்களுக்காக ஜனங்கள் வாக்குச் சீட்டிலேயே தீர்ப்பளித்தார்கள். கேட்டவர்களுக்குத்தான் அங்கேயும் கிடைத்தது.

நம்மிடம் 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. புகையைக் குறைக்க வந்த விதி. அதை எதிர்ப்பது மூடத்தனம். ஆனால் அதோடு வண்டிக்குள் சென்சாரும் கணினிப் பெட்டியும் பெருகிவிட்டன. முன்பு பட்டறைப் பையன் பத்து வருஷம் அனுபவத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றது இப்போது போதாது. படம் இல்லாமல் இனிமேல் ஓர் அடி நகர முடியாது. படத்தின் தேவை கூடக் கூட, அதன் பூட்டும் பெரிதாகிறது.

நம்முடைய தவறு

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1920 டிசம்பரில் மாஸ்கோவில் சோவியத்துகளின் காங்கிரஸ் கூடிற்று. உள்நாட்டுப் போரில் நொறுங்கிப்போன நாடு. பிரதிநிதிகள் குளிரில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நாட்டின் பெரிய வரைபடம். மின் நிலையங்கள் வரவேண்டிய இடங்களில் சின்னச் சின்ன பல்புகள். அந்தப் பல்புகளை எரிய வைக்கவே நகரத்தின் மற்ற பகுதிகளில் மின்சாரத்தைக் குறைக்க வேண்டியிருந்ததாம்! அந்த நிலைமையிலும் லெனின், மின்மயத் திட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

நம் நாட்டில் 1923-ல் சென்னையில் முதல் மே தினக் கொடியை ஏற்றிய சிங்காரவேலர் என்ன செய்தார்? வானத்தையும் மண்ணையும் உயிரையும் பற்றிய விஞ்ஞானத்தைச் சாதாரண ஜனங்களுக்காகத் தமிழிலே எழுதினார். அதற்காக 1935-ல் ‘புதுவுலகம்’ என்று பத்திரிகையும் நடத்தினார். கூலி உயர்வுக்குப் போராடுவதும் விஞ்ஞானத்தைச் சொல்வதும் அவருக்கு இரண்டு வேலையாகத் தோன்றவில்லை.

நாம்? அரசியல் வகுப்பில் உபரி மதிப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறோம். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் தோழரின் வண்டி கிளம்புவதில்லை. எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறோம். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாற்பது வயதுக்கு மேல்தான் எர்த்தின் மூன்று கோட்டைக் கண்டேன். வெட்கப்பட்டேன். இத்தனை காலம் ஊர் ஊராகப் போய் யந்திரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். யந்திரத்தின் பாஷையில் ஓர் எழுத்துத் தெரியாது!

கரும்புக் காட்டில் டிராக்டர் ஓட்டும் விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அண்ணே, வண்டி ரிப்பேர் ஆனா மொதலாளி என் கூலியிலதான் புடிக்கிறாரு. நான் பாத்து ஓட்டலையாம்.” எர்த் பட்டையை உப்பு தின்றதற்கு டிரைவர் கூலியில் பிடித்தம்! படத்தைக் காட்டி, இது தேய்மானம், இது என் குற்றம் அல்ல என்று அவரால் நிரூபிக்க முடிந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும். தெரியாதவன் தலையில் குற்றம் சுமத்துவது சுலபம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் அல்ல. வண்டி விற்கிறவன் வண்டியோடு அதன் முழு மின்படத்தையும் தமிழ் விளக்கத்தோடு தர வேண்டும். ஆர்.சி. புத்தகம் எப்படி வண்டிக்காரனுடைய உடைமையோ, அப்படிப் படமும் அவனுடைய உடைமை. இதைச் சட்டமாக்கு என்று மோட்டார் தொழிலாளர் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் ஒன்றாகக் கேட்க வேண்டும். வாகனத் தேய்மானத்துக்கு டிரைவர் கூலியில் கை வைப்பதைக் கூலிப் பேச்சுவார்த்தையிலேயே எழுத்தில் தடுக்க வேண்டும். சட்டம் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்த படத்தை வைத்து இன்றைக்கே படிக்கத் தொடங்க வேண்டும்.

மரக்காணத்தில் தொடங்கிவிட்டோம். பெரியவர் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாத்தி வேலை முடிந்த பிறகு. முதல் நாள் வந்தது மூன்று பேர். அவர்களில் ஒருவர் பேட்டரி, செல்ஃப், டைனமோ மூன்றையும் மாற்றச் சொன்ன அதே பட்டறைக்காரர்! பையன் கொஞ்சம் முறைத்தான். பெரியவர் இரண்டு பேரையும் ஒரே படத்தின் முன்னால் உட்கார வைத்தார். இப்போது பதினோரு பேர் வருகிறார்கள்; இரண்டு பெண்கள். ஒருத்தி உப்பளத்தில் டீசல் பம்பு ஓட்டுகிறவரின் மகள். புள்ளி போட்ட இணைப்புக்கும் போடாத குறுக்குக் கோட்டுக்கும் வித்தியாசத்தை அந்தப் பெண்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

எங்களிடம் இருப்பது இரண்டு சரக்கு வண்டிப் படமும், எழுத்து மங்கிய ஒரு டிராக்டர் படமும்தான். அதில் ஹெட்லைட் பக்கம் கிழிந்திருக்கிறது. இதைப் படிக்கும் தோழர்கள் யாரிடமாவது பழைய டிராக்டர், லாரி, நெல் அறுவடை யந்திரம் எதனுடைய மின்படம் இருந்தாலும், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரிகை வினியோகிக்கும் தோழரிடம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஞாயிறு ஹெட்லைட் ரிலே பாடம். அந்தக் கிழிந்த பக்கம் வேண்டியிருக்கிறது.